வேப்பெண்ணெய்க் கேன்

ஒரு ஊராம் அம்மிணி, மழை தப்பினாலும் மணம் தப்பாத ஊராம். அந்த ஊரில் ஒரு கிணறாம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் அண்ணன் தோட்டமாம், அந்தப் பக்கம் தம்பி தோட்டமாம். முகத்தைச் சுளிக்காதீர்கள். எனக்கு இப்படித் தொடங்கினால்தான் கோர்வையாக வரும். நடுவிலிருந்து ஒரு பேரை மட்டும் உருவிக் கொடு என்றால் வராது. நீங்கள் கேட்பது அதைத்தான். காரை விட்டு இறங்கித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, "அந்தக் கேனுக்குள்ளே இருந்தது என்ன மருந்துங்க, பேரை மட்டும் சொல்லுங்க" என்கிறீர்கள். சொல்லமாட்டேன் என்றா சொன்னேன்? சொல்கிறேன். முதலில் உட்காருங்கள். அந்த முக்காலி ஆடும், இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். பெட்டிக்கு டேப் ஒட்டி இலைச் சிப்பம் கட்டுகிறார்கள். சாயங்காலம் ஏர்போர்ட்டுக்கு வண்டி போகிறது. பறித்த இலை நிற்காது அம்மிணி. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அது பார்க்காது, அதுபாட்டுக்குக் கறுத்துக்கொண்டு போகும். அதனால்தான் என் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் கொட்டகை ஓடுகிறது. இதை வைத்து என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அதோ இலைக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே சாந்தாமணி, என் தம்பி நாச்சிமுத்துவின் சம்சாரம், உங்கள் காரில்தானே வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இருக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நின்றுகொண்டுதான் பேசுவாள், அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு அந்த மரியாதை உண்டு. இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறாள். என்னையே பார்க்கிறாள். தூக்கம் கெட்டால் மனுசருக்கு மரியாதை மறந்துபோகும், வேறொன்றுமில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் கறிவேப்பிலையைத் தவிர வேறு வெள்ளாமை கிடையாது. நீங்கள் மலையடிவாரத்தில் திரும்பும்போதே வாசனை அடித்திருக்கும். இங்கே விடியற்காலையில் பறிக்கிற இலை மறுநாள் லண்டனில் யாரோ ஒரு அம்மா வைக்கிற ரசத்தில் மிதக்கும். அந்த அம்மாவுக்கு இந்தச் சென்னியப்பனைத் தெரியாது. எனக்கும் அந்த அம்மாவைத் தெரியாது. அப்படியே ரெண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். நடுவில் வந்தீர்கள் நீங்கள்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. உங்கள் பரிசோதனைக்கூடம், எட்டு நாட்டுக் கமிட்டி, அந்தக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எப்படி என்றால், ஒரு துறைமுகத்துக்காரன் இலையில் பூச்சிமருந்து நிற்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டான் என்றால், நாங்கள் அடுத்த நாட்டுக்கு அனுப்புவோம். அவன் அளவு வேறு, இவன் அளவு வேறு. அவனுக்கு ஆகாதது இவனுக்கு ஆகும். ஒருத்தருக்கும் ஆகாவிட்டால் இருக்கவே இருக்கிறது நம் ஊர் மார்க்கெட். நம் நாக்கு அதையெல்லாம் தாங்கும். இப்படித்தான் எங்கள் அப்பன் காலத்திலிருந்து ஓடியது. இப்போது என்ன ஆயிற்று? எல்லா நாட்டுக்காரனும் பேசிக்கொள்கிறான். ஒரு துறைமுகத்தில் ஒருத்தன் மூக்கைச் சுளித்தால், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அத்தனை துறைமுகமும் கதவைச் சாத்துகிறது. எனக்கும் என் தம்பிக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஆடி மாசத்திலிருந்து முகம் பார்த்துப் பேச்சில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எதெதற்கோ சண்டை போட்ட நாடுகள், என் இலையைப் பற்றி மட்டும் ஒற்றுமையாகப் பேசிக்கொள்கின்றன. இதற்கு நான் சந்தோசப்படணுமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஆடி மாசக் கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதே கொட்டகைதான். ஒரு வெள்ளைக்காரர், வளைகுடாப் பக்கமிருந்து முக்காடு போட்ட ஒரு அம்மா, டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி, அவர்கள் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்ல நீங்கள். சங்கத் தலைவன் என்று மாலை போட்டவன் நான். வெள்ளைக்காரர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர வர, "வெரி குட்" என்றார். "இந்த மிளகாய்க்கே இப்படின்னா நம்ம மருந்துக்கு என்ன ஆவாரு பாவம்" என்று பின்னால் யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. நீங்கள் அதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. கெட்டிக்காரி நீங்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. ஒரு மருந்தை எட்டு நாட்டுக்காரனும் தனித்தனியாக எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாமாம். ஒருத்தன் ஈரலைப் பார்ப்பான், ஒருத்தன் தண்ணீரைப் பார்ப்பான், ஒருத்தன் தேனீயைப் பார்ப்பான், அப்புறம் பார்த்ததை ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்வார்களாம். நல்லதுதான், எலிக்காவது மிச்சம். இந்த வருசம் எங்கள் இலை சுத்தமாக வந்தால் ஒரே முத்திரை தருவோம், அந்த முத்திரை எல்லா நாட்டிலும் செல்லும் என்றார்கள். அதைக் கேட்டதும் ஊருக்கே உயிர் வந்தது. கடைசியாக அந்த முக்காட்டு அம்மா ஒன்று கேட்டார். மருந்தடிக்கிறவர்களுக்கு ஏதாவது உடம்புக்கு வந்தால் அதையும் சொல்லுங்கள், எந்த மருந்து, என்ன ஆனது என்று எல்லா நாடும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். நீங்கள்தான் தமிழில் சொன்னீர்கள்.

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளைக்காரர், "நீங்க என்ன மருந்து அடிக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். தலைவன் நான் இருக்கிறேன், நான் சொல்வேன் என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அதுதான் முறை. நான் தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் நாச்சிமுத்து எழுந்து நின்றான்.

"அண்ணன் குடுக்கறதை அடிக்கறோமுங்க. பேரெல்லாம் தெரியாதுங்க. கேட்டா, 'பேரா முக்கியம், பூச்சி சாகுதா இல்லையா, அதப் பாருடா'ங்கறாரு."

சிரித்தார்கள். என் ஊர் சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நீங்கள் அதை ஒரு எழுத்து விடாமல் வெள்ளைக்காரருக்குச் சொன்னீர்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அன்றைக்கு நின்றதுதான் எங்கள் பேச்சு.

அதோடு நிற்கவில்லை அவன். கூட்டம் முடிந்து எல்லாரும் கலையும்போது வாசலில் நின்று சொல்கிறான்: "இந்த வருசம் எனக்கு வேப்பெண்ணெய் போதும்ண்ணா. மருந்தடிக்கற அன்னிக்கெல்லாம் சாந்தாமணி தலையப் புடிச்சுக்கிட்டு சோறு திங்காம படுத்துக்கறா. எனக்கு வேற ஒன்னும் வேண்டாம்." பொம்பளைக்குத் தலைவலி என்று ஒருத்தன் வெள்ளாமையை மாற்றுவானா? எங்கள் வீட்டிலும்தான் தலைவலி வருகிறது, தைலம் போட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் விவசாயம் பார்த்தவர் இல்லை. உங்களுக்குச் சொன்னால்தான் தெரியும். அவன் தோட்டமும் என் தோட்டமும் ஒட்டியது. அவன் வேப்பெண்ணெய் அடித்தான் என்றால் பூச்சி அவனிடத்தில் பொழுதைப் போக்கிவிட்டு என்னிடம் வரும். என்னிடமிருந்து அடுத்த தோட்டம். ஒருத்தன் நல்லவனாக இருப்பதற்கு ஊரே செலவழிக்க வேண்டும். முத்திரை எப்படிக் கிடைக்கும்? இலையில் ஓட்டை விழுந்தாலும் தள்ளுகிறீர்கள், மருந்து நின்றாலும் தள்ளுகிறீர்கள். ரெண்டும் இல்லாத இலையை ஆகாசத்திலிருந்துதான் பறிக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சரக்கு கிடைத்தது. எங்கிருந்து, யார் கொண்டுவந்தார் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. எல்லா நாட்டிலும் நிறுத்திப் பல வருசமான மருந்து. ஒன்று யோசித்துப் பாருங்கள். எட்டு நாடு சேர்ந்து ஒன்றைத் தடுக்கிறது என்றால், எட்டு நாட்டுப் பூச்சியும் அதற்குப் பயந்தது என்றுதானே அர்த்தம்? அடித்தேன். இலை கண்ணாடி மாதிரி வந்தது. உங்கள் பரிசோதனைக்கூடத்துக்கும் அனுப்பினேன். சுத்தம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். நான் ஏமாற்றவில்லை அம்மிணி. உங்கள் மிஷினுக்கு எதைத் தேடு என்று சொல்கிறீர்களோ அதைத்தான் அது தேடும். ஒருத்தரும் அடிக்காத மருந்தை யார் தேடப்போகிறார்கள்? பேர் சொன்னால்தானே தேடுவீர்கள்.

ஆமாம். அதனால்தான் சொல்லத் தயங்குகிறேன். சரியாகப் பிடித்தீர்கள். பேரை உங்களிடம் சொன்னால் அது உங்களோடு நிற்காது. நாளைக்கு எல்லாத் துறைமுகத்திலும் என் இலையில் அதைத் தேடுவார்கள்.

கேன் விசயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து மோட்டார் ரூமில் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்ப்பார்கள் என்றீர்கள். அதனால், அதோ கயிறு கட்டுகிறாளே சாமாத்தா, அவள் தோட்டம் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேப்பெண்ணெய்க் கேன் வாங்கினேன், சங்கத்துக் கிடங்கில் வைத்து உள்ளே சரக்கை மாற்றினேன். அந்தச் சரக்குக்கு ஒரு கெட்ட வாடை உண்டு, தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஒவ்வொரு கேனிலும் கொஞ்சம் நிஜ வேப்பெண்ணெய் ஊற்றி ஆட்டினேன். ஊரே வேப்பெண்ணெய் வாசனை. முழுக்க என் யோசனைதான். சங்கத்துக்காரர்களில் நம்பிக்கையானவர்களுக்கு மட்டும், இது அது இல்லை, பார்த்து அடியுங்கள் என்று காதோடு சொல்லிவைத்தேன்.

நாச்சிமுத்துவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பேச்சு இல்லையே. அவன் வேப்பெண்ணெய் கேட்டான், வேப்பெண்ணெய்க் கேன் கொடுக்கச் சொன்னேன். சொன்னால் எடுத்துக்கொண்டிருக்க மாட்டான், அதோடு அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதையும் வெள்ளைக்காரரிடம் சொல்லியிருப்பான். அவன் தோட்டம் நன்றாக இருக்கட்டும், அவன் பெருமையும் கெடாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தேன். இலை நன்றாக வந்தால், பார்த்தீர்களா அண்ணா வேப்பெண்ணெயிலேயே ஆயிற்று என்று அவன் மார்தட்டிக்கொண்டு திரிந்திருப்பான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எத்தனை அண்ணன் அப்படி இருப்பான்?

"சாந்தாமணி, பாலு காஞ்சிருக்கும், போய் டீ ஆத்திக்கொண்டா." பாருங்கள், அசையவே இல்லை. விடுங்கள், வேறு யாரையாவது போட்டுக் கொடுக்கச் சொல்கிறேன். போகும்போது வீட்டுக்குக் கொஞ்சம் இலை எடுத்துப்போங்கள். இந்தக் குவியலில் வேண்டாம், இது வெளிநாட்டுக்கு. எங்கள் குளியலறைக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது, வீட்டுக்கு அதில்தான் பறிப்போம். அதிலிருந்து பறித்துத் தரச் சொல்கிறேன்.

மருந்தடித்த அன்றைக்கு என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டாராம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வரப்பில் நின்றிருந்தேன். வேப்பெண்ணெய் தண்ணீரோடு லேசில் சேராது, தெரியுமில்லையா? சோப்புத்தூள் போட்டுக் கையை விட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கினால்தான் பால் மாதிரி வெளுத்து வரும். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். மற்ற மருந்து என்றால் குச்சி, வேப்பெண்ணெய் என்றால் கை. நாச்சிமுத்து சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். டிரம்மில் கேனைக் கவிழ்த்தான். தோள்வரைக்கும் கையை விட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "நாச்சி, மூக்குல துண்டக் கட்டிக்கடா" என்றேன். ஆடிக்கு அப்புறம் நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் பேசிவிட்டார் என்று அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், சின்னப் பையன் மாதிரி. "வேப்பெண்ணெய்க்கு எதுக்குண்ணா துண்டு? மேலுக்கு நல்லதுதான்" என்று சிரித்துக்கொண்டே நனைந்த கையைத் தோளிலும் மார்பிலும் தேய்த்துக்கொண்டான்.

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? கூலிக்கு வந்த பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போகும், மறுநாள் உங்களுக்கு வரும். பேசவும் பேசியாயிற்று, அவனும் சிரித்தாயிற்று. அந்த நேரத்தில் நல்லதாகவே பட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் சாந்தாமணி ஓடிவந்தாள். வாந்தியாம், வேர்வையாம், வாயில் எச்சில் நிற்காமல் வழிகிறதாம். நானேதான் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனேன். வழியெல்லாம் ஒன்றையே சொன்னான்: "அண்ணா, என்ன இது, வெயிலு மங்குது." வெயிலா மங்கியது, உச்சிப் பொழுது தாண்டி அப்படி எரிந்துகொண்டிருந்தது.

அங்கே இருந்தவர் சின்ன வயசு டாக்டர். "என்ன மருந்து அடிச்சீங்க? பாட்டிலைக் கொண்டாங்க" என்றார். எங்கள் பக்கம் எல்லா டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சாந்தாமணி திரும்பி வந்து மோட்டார் ரூமிலிருந்து கேனை எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாங்கிப் படித்தார், திறந்து மோந்து பார்த்தார், சிரித்தார். "வேப்பெண்ணெய்தானே? இதுக்கு ஏம்மா இப்படிப் பயப்படறீங்க? வெயில்ல நின்னது ஒத்துக்கல" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். படித்தவர், மருந்துக்குப் படித்தவர், அவரே ஒன்றுமில்லை என்கிறபோது அதற்கு மேல் நான் பேசினால் மரியாதையாக இருக்குமா? எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அவர் சொன்னதை நான் நம்பினேன். முழுசாக நம்பினேன் அம்மிணி. தப்பு நடந்தது என்றால் அந்த டாக்டரிடம் போய்க் கேளுங்கள். இங்கே ஏன் வருகிறீர்கள்?

விடியும்போது மாட்டுக் கட்டுத்தறியில் விழுந்து கிடந்தான்.

கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூச்சு மிஷின் வைத்தார்கள். அங்கேயும் கேன் கேட்டார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் என்னமோ, கேனைத் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். கழுவித்தான் கொண்டுபோனேன். அத்தனை நோயாளிகள் இருக்கிற இடத்தில் அழுக்குக் கேனைக் கொண்டுபோய் வைப்பதா? சோப்புப் போட்டு நாலு தண்ணீர் விட்டுக் கழுவினேன். சுத்தமாக இருந்தாலும் குத்தம் சொல்கிறீர்கள், அழுக்காக இருந்தாலும் குத்தம் சொல்கிறீர்கள். உங்கள் துறைமுகத்துக்காரர்களும் இப்படித்தான்.

அவன் இரத்தத்தை எடுத்து உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள், தெரியும். பேர் தெரியாமல் தேடினால் நாளாகும், அதுவும் தெரியும். ஒரு மருந்துக்குக் கொடுக்கிற விஷமுறிவு இன்னொரு மருந்துக்கு ஆகாது, தெரியாமல் கொடுத்தால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும் என்று டாக்டர் சொன்னதை இதோடு எத்தனை தடவை சொல்கிறீர்கள்? எனக்குக் காது கேட்கும். என்னுடைய தம்பி அவன். உங்களுக்கு அவனை ஆடி மாசத்திலிருந்துதான் தெரியும்.

நான் முடியாது என்று சொல்லவே இல்லையே. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். டாக்டரின் காதோடு நிற்க வேண்டும். உங்கள் கமிட்டிக்குப் போகக் கூடாது, வெள்ளைக்காரருக்குப் போகக் கூடாது, அந்த முக்காட்டு அம்மாவுக்குப் போகக் கூடாது. இதற்கு நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த நிமிசமே சொல்லிவிடுவேன். சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். "எனக்குத் தெரிஞ்சா நான் எழுதியே ஆகணுங்க. இன்னொரு ஊருல இன்னொருத்தர் கையை விட்டுறக் கூடாது" என்கிறீர்கள். ஆக, யார் பிடிவாதம் பிடிக்கிறது? உங்களுக்கு எங்கேயோ இருக்கிற இன்னொருத்தர்தான் பெரிது. எனக்கு என் ஊர். என் தம்பியை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் பேரம் பேசுகிறீர்கள்.

சாந்தாமணி ஏதோ சொல்கிறாள், கேட்டீர்களா? "மாமா, பேரைச் சொல்லிருங்க" என்கிறாள். சத்தம் போடாமல்தான் சொல்கிறாள். அதே வார்த்தையை வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். "சொல்றேம்மா. நான் என்ன அவனுக்கு எதிரியா? வண்டி ஏறட்டும்."

அதுதான் அம்மிணி, நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். கேளுங்கள். இந்தச் சரக்கு இன்றைக்குச் சாயங்காலம் போகிறது. முத்திரைக்கான கடைசிச் சரக்கு இது. அது ஏர்போர்ட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது என்று எனக்குப் போன் வரும். வந்தவுடனே உங்களிடம் பேரைச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ராத்திரி வரைக்கும்தானே? ஒரு பொழுது. மூச்சு மிஷின் இருக்கிறது, பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், ஒரு பொழுது தாங்க மாட்டானா? திடகாத்திரமானவன் அவன். டிரம்மை ஒற்றைக் கையால் தூக்குவான்.

என்ன பார்க்கிறீர்கள்? குவியலையா? ஆமாம், அதில் அவன் தோட்டத்து இலையும் இருக்கிறது. அருமையான இலை. ஒரு புள்ளி காட்டுங்கள் பார்க்கலாம். அவன் எழுந்து வந்து இதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோசப்படுவான். அவன் உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் நேற்றே ஆள் விட்டுப் பறித்தேன். பறித்த பெண்களில் ரெண்டு பேருக்குத் தலை சுற்றுகிறதாம், வரவில்லை. தீபாவளி வருகிறது, அப்படித்தான் சாக்குச் சொல்வார்கள்.

போன் அடிக்கிறதே, உங்களுடையதா? எடுங்கள், எடுங்கள். ஆஸ்பத்திரியா? நான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

"ஏய், அந்த டேப் ஒட்டறதைக் கொஞ்சம் நிறுத்துங்க, அம்மிணி போன் பேசறாங்க."

என்ன சொல்கிறார்? ஏன் எழுந்துவிட்டீர்கள்?

இனிமேல் பேர் வேண்டாமா? அப்படியா சொன்னார்? நல்லதாயிற்று. பார்த்தீர்களா, நான் அப்போதிருந்து சொல்கிறேன், பெரிய டாக்டர்கள், அவர்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. பேர் இல்லாமலே ஆயிற்றே. தேறிவிட்டான் என்று சொல்லுங்கள் அவளிடம். ஏன் அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? அவள் கொஞ்சம் பயந்த சுபாவம், மெதுவாகச் சொல்லுங்கள். அல்லது நான் சொல்கிறேன். "சாந்தாமணி, நாச்சிக்கு ஒன்னுமில்லியாம். கேட்டியா?"

எதற்கு இப்படி என்னைப் பார்க்கிறீர்கள் ரெண்டு பேரும்?

"சாந்தாமணி, எங்க போறே? இலையைப் பாரு, மிதிக்காதே. சுத்திப் போ. குவியல் மேலயே நடக்கறயே, வெளிநாட்டுக்குப் போற இலை, காலு படலாமா?"

அம்மிணி, நீங்களாவது சொல்லுங்கள் அவளிடம். காரில் ஏற்றிக்கொண்டு போகிறீர்களா? ஆஸ்பத்திரிக்கா? நானும் வருகிறேன். வண்டி ஏற்றிவிட்டு வருகிறேன். இல்லை, இப்போதே வருகிறேன், கொஞ்சம் நில்லுங்கள். நில்லுங்கள் அம்மிணி, சொல்லிவிடுகிறேன். வண்டி போனால் என்ன, போகாவிட்டால் என்ன. எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனையும் வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். கார் சத்தத்தில் கேட்காது.

"டேய், நீங்க எங்கடா எந்திரிக்கிறீங்க? பாதிச் சிப்பம் கெடக்குது. டிரைவர், நீ எங்க இறங்கறே? சாமாத்தா, நீயுமா? கயித்தை ஏன் கீழ வெக்கறே? உன்னோட தோட்டத்து மோட்டார் ரூம்லயும் அந்தக் கேன்தான் இருக்குது, கேட்டுட்டுப் போ. உனக்காச்சும் பேரு வேண்டாமா?"